ஒரு முட்டி மட்டும் வீங்கிக்கொண்டே இருந்தால்: அறுவையா, கதிரா, மாத்திரையா?

முட்டி வீங்கிவிட்டது என்றால் நம் வீடுகளில் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். வயதானவர் என்றால் தேய்மானம். நடுத்தர வயது ஆண் என்றால் கவுட். காற்பந்து விளையாடும் பையன் என்றால் ஜவ்வு கிழிந்துவிட்டது. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் வயது இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டவர், எங்கும் விழவில்லை, அடிபடவில்லை. ஒரு முட்டி மட்டும் வீங்குகிறது. கிளினிக்கில் ஊசி போட்டு நீரை எடுக்கிறார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி வீங்குகிறது. மறுபடி எடுக்கிறார்கள். வந்த நீர் தெளிந்த மஞ்சளாக இல்லாமல் துருப்பிடித்த தண்ணீரைப்போல் பழுப்பாகவோ இரத்தம் கலந்தோ இருக்கிறது. இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய மருத்துவரிடம் ஒரு பெயரைக் கேட்டுப் பார்க்கலாம்: பி.வி.என்.எஸ்.

அதன் முழுப்பெயர் பிக்மெண்டட் வில்லோநாடுலர் சைனோவைட்டிஸ். 1941-இல் ஜாஃபே, லிக்டென்ஸ்டைன், சுட்ரோ என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள் வைத்த பெயர் இது. நுண்ணோக்கியில் கண்டதை அப்படியே பெயராக்கிவிட்டார்கள். நிறமேறிய, விரல் விரலாகவும் முடிச்சு முடிச்சாகவும் வளர்ந்த மூட்டுச் சவ்வின் அழற்சி என்பது அதன் பொருள்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பேச்சில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று நாம் சொல்வது எலும்புகளை இழுத்துக் கட்டும் நாரையோ, இரண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பையோ குறிக்கும். இந்த நோய் வரும் சவ்வு வேறு. மூட்டின் உட்சுவரில் மெல்லிய துணிபோல் ஒட்டியிருந்து, மூட்டு வழுக்கி அசைவதற்கான எண்ணெய்போன்ற நீரைச் சுரக்கும் உட்படலம் அது. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவதால், 'ஜவ்வுப் பிரச்சினையாம்' என்று கேள்விப்பட்ட உறவினர்கள் எண்ணெய் போட்டு உருவ ஆளைக் கூட்டி வந்துவிடுகிறார்கள். உருவினால் இது போகாது.

புற்றுநோயா, இல்லையா?

இல்லை. முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் இதை மேலேயே சொல்லிவிடுவது நல்லது. 2013-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இந்த நோய்க்கு டெனோசைனோவியல் ஜயண்ட் செல் டியூமர் என்ற பொதுப்பெயர் வந்தது. இப்போது மருத்துவ அறிக்கைகளில் அதைச் சுருக்கி டி.ஜி.சி.டி. என்று எழுதுகிறார்கள். 'டியூமர்' என்ற சொல்லைப் பார்த்ததும் குடும்பமே உட்கார்ந்து அழுவதுண்டு. தமிழில் இதற்குக் 'கழலை' என்ற பழைய சொல் பொருத்தமாக இருக்கும். உடலில் தானாக வளர்ந்த, உயிரை வாங்காத தசைத்திரட்சி. மிக மிக அரிதாகத்தான் இது புற்றாக மாறுகிறது.

உயிரை வாங்காது என்பதால் விட்டுவிடலாமா என்றால், அப்படியும் இல்லை. சில உயிரணுக்களில், முதலாம் குரோமோசோமில் உள்ள சி.எஸ்.எஃப்.1 என்ற மரபணு இடம்பெயர்ந்து, ஒரு வேதிச் செய்தியை அளவுக்கு மீறி வெளியிடுகிறது. அந்தச் செய்தியைக் கேட்டு, உடலின் துப்புரவுப் பணியாளர்களான மேக்ரோஃபேஜ் அணுக்கள் கூட்டங்கூட்டமாக மூட்டுக்குள் வந்து சேர்கின்றன. கழலையின் பெரும்பகுதி இப்படி அழைக்கப்பட்டு வந்த கூட்டம்தான். அழைத்த அணுக்கள் சிறுபான்மை. கல்யாண வீட்டில் ஒருவர் ஒலிபெருக்கியில் கூப்பிட, ஊரே வந்து பந்தியில் உட்கார்ந்த கதை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரைகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சவ்வு தடித்து வளரும்போது மூட்டுக்குள் இரத்தம் கசிகிறது. இரத்தத்தில் உள்ள இரும்பு அங்கேயே படிகிறது. பழுப்பு நிறம் அதனால்தான். ஆண்டுக்கணக்கில் விட்டால் குருத்தெலும்பு அரிக்கப்படும், எலும்பில் குழி விழும், நாற்பது வயதுக்காரருக்கு எழுபது வயது முட்டி வந்துவிடும்.

இது எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு கணக்கு. நெதர்லாந்தில் நாடளாவிய பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், விரல்களில் வருபவற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 பேருக்கு இது வருகிறது. அவர்களில் ஏறத்தாழ 4 பேருக்குத்தான் பரவிய வகை. எனவே ஒரு சாதாரண கிளினிக் மருத்துவர் தம் வாழ்நாளில் ஒன்றிரண்டு பேரைக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு வகை, இரண்டு கதை

சிகிச்சையைப் பற்றி எதைப் படித்தாலும், யார் சொல்லக் கேட்டாலும், எந்த வகையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஒன்று, ஓரிடத்தில் மட்டும் வளரும் வகை. முட்டிக்குள் ஒரே ஒரு முடிச்சு. கோலிக்குண்டு அளவிலும் இருக்கலாம். திடீரென முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவது இதில் சகஜம். இன்னொன்று, பரவிய வகை. சவ்வு முழுவதும் பாசி படர்ந்ததுபோல் வளர்ந்து, முன்புறமும் பின்புறமும், சில சமயம் மூட்டுக்கு வெளியிலும் போயிருக்கும். ஆளை ஆண்டுக்கணக்கில் அலைய வைப்பது இரண்டாவதுதான்.

எது என்று சொல்வது எம்.ஆர்.ஐ. படம். சாதாரண எக்ஸ்ரேயில் தொடக்கத்தில் எதுவுமே தெரியாது. 'எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, போய் வாருங்கள்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். எம்.ஆர்.ஐ. படத்தில், படிந்துபோன இரும்பு கருந்திட்டுகளாகத் தெரியும். பழகிய கண்ணுக்கு அது போதும். இருந்தாலும் திசுவில் ஒரு துண்டு எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்த்தால்தான் முடிவு உறுதியாகும். நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூட்டில் வரும் காசநோயும் இதேபோல் ஒரு முட்டியை மட்டும் மாதக்கணக்கில் வீங்க வைக்கும். அதற்கான மருந்து முற்றிலும் வேறு. கவுட், ஹீமோஃபிலியா போன்றவற்றையும் விலக்கிப் பார்ப்பார்கள். எனவே 'இன்னும் ஒரு சோதனையா' என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

கத்தி வைப்பது: எப்படி, எவ்வளவு?

ஓரிட வகைக்கு விடை எளிது. அந்த முடிச்சை முழுதாக எடுத்துவிட வேண்டும். முன்புறம் இருந்தால் சின்னத் துளை வழியாகக் கருவி செலுத்தும் ஆர்த்ரோஸ்கோப்பி முறையிலேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் சிறிய வெட்டு. மீண்டும் வருவது நூறில் பத்துப் பதினைந்து பேருக்கு. பெரும்பாலோர் சில வாரங்களில் வேலைக்குப் போய்விடுவார்கள். இவர்களுக்குக் கதிரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

பரவிய வகையில்தான் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. நோயுள்ள சவ்வைச் சுரண்டி எடுப்பதற்கு சைனோவெக்டமி என்று பெயர். அதைத் துளை வழியாகச் செய்வதா, திறந்து செய்வதா?

துளை வழியாகச் செய்தால் வலி குறைவு, மருத்துவமனையில் தங்கும் நாள் குறைவு, முட்டி விறைத்துப்போகும் ஆபத்தும் குறைவு. முன்புறச் சவ்வை நன்றாகவே எடுக்கலாம். சிக்கல் முட்டியின் பின்புறம். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளமும் நரம்புகளும் அங்கேதான் ஓடுகின்றன. பின்புற மூலைகளுக்குள் கருவியைச் செலுத்திப் பழகிய கை எல்லோருக்கும் இருக்காது. எட்டாத இடத்தில் மிச்சம் இருந்தால் அது மறுபடி வளரும்.

திறந்து செய்தால் நேரில் பார்த்து எடுக்கலாம், மூட்டுக்கு வெளியே போனதையும் எடுக்கலாம். விலை என்னவென்றால் பெரிய தழும்பு, கூடுதல் வலி, வாரக்கணக்கில் இயன்மருத்துவம், அதற்குப் பிறகும் முழுதாக மடங்காத முட்டி.

இதனால் பல மையங்களில் இரண்டையும் கலந்து செய்கிறார்கள். முன்புறம் துளை வழியாக, பின்புறம் திறந்து. ஒரே நாளில் செய்வதும் உண்டு, சில வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவையாகச் செய்வதும் உண்டு. எது சிறந்தது என்பதற்கு ஆய்வுகளின் பதில் ஒரே மாதிரி இல்லை. அரிய நோய் என்பதால், பெரும்பாலான ஆய்வுகள் பழைய நோயாளிக் கோப்புகளைத் திரும்பப் புரட்டி எழுதியவை. கடினமானவர்களுக்குத் திறந்த அறுவையும் எளியவர்களுக்குத் துளை அறுவையும் செய்துவிட்டு, இரண்டின் முடிவுகளை ஒப்பிட்டால் அது நியாயமான போட்டி ஆகாது. என் பார்வையில், முறையைவிடச் செய்பவரின் அனுபவம் முக்கியம். 'துளையா, திறப்பா' என்று கேட்பதற்கு முன், 'டாக்டர், இந்த நோய்க்கு நீங்கள் எத்தனை முட்டி செய்திருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பரவிய வகைக்குக் கையில் இருக்கும் பெரிய கணக்கு, 2019-இல் லான்செட் ஆன்காலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. பல நாடுகளின் சிறப்பு மையங்களில் அறுவை செய்துகொண்ட 966 பேரின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 44 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பி வந்தது. திரும்பி வராமல் இருந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் 62 விழுக்காடு, ஐந்தாம் ஆண்டில் 55, பத்தாம் ஆண்டில் 40. சிறப்பு மையங்களின் கணக்கே இப்படி.

இந்த எண்களைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். அதே ஆய்வில், விவரம் கிடைத்தவர்களில் 59 விழுக்காட்டினருக்கு வலியும் 72 விழுக்காட்டினருக்கு வீக்கமும் அறுவைக்குப் பிறகு குறைந்திருக்கின்றன. திரும்பி வருவது என்றால் படத்தில் ஒரு சிறு திட்டாக மட்டும் இருக்கலாம். எல்லாருக்கும் மறுபடி கத்தி வேண்டியதில்லை. இன்னொரு விஷயமும் அதில் தெளிவாகிறது. ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்தவருக்கு அடுத்த தடவையும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே முதல் அறுவை யார் கையில், எங்கே நடக்கிறது என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அவசரமாகப் பக்கத்து மருத்துவமனையில் முடித்துவிடுவதைவிட, இரண்டு மாதம் காத்திருந்து அனுபவமுள்ள இடத்துக்குப் போவது இலாபம். இந்த நோய் இரண்டு மாதத்தில் காலைத் தின்றுவிடாது.

மடக்க முடியாத முட்டியோடு வாழ்வது

எனக்கு அக்கா முறை ஆகும் ஒருவருக்குப் பரவிய வகை வந்தது. மூன்று ஷிப்ட் தொழிற்சாலை வேலை. தேய்மானம் என்று சொல்லி நான்கு ஆண்டுகள் ஓடின. மூன்று கிளினிக்குகளில் மூன்று தடவை நீர் எடுத்தார்கள். கடைசியாக எடுத்த மருத்துவர்தான் நீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் பொது மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இரண்டு கட்டமாக அறுவை நடந்தது. வீக்கம் போய்விட்டது. ஆனால் முட்டி முழுதாக மடங்குவதில்லை. பேருந்தில் உட்காரலாம், படி ஏறலாம், வேலைக்கும் போகிறார். கோயிலில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. ஓரத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை பூசையில் அதைப் பார்த்து 'இந்த வயசிலேயேவா' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிகிச்சையை ஒப்பிடும் மருத்துவக் கட்டுரைகளில் 'முட்டி அசைவு திருப்திகரம்' என்று ஒரு வரி இருக்கும். யாருக்குத் திருப்தி? அலுவலக நாற்காலிக்குத் தொண்ணூறு டிகிரி மடங்கினால் போதும். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவருக்கு, குந்தி உட்கார்ந்து பால் மரத்தின் அடிப்பட்டையைச் சீவுபவருக்கு, லோரியில் ஏறி இறங்குபவருக்கு அது போதாது. உங்கள் வேலை என்ன, அதில் குந்த வேண்டுமா, ஏற வேண்டுமா, எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எவ்வளவு சவ்வை எடுப்பது என்ற முடிவுக்கு அதுவும் ஒரு காரணியாக வேண்டும்.

அறுவைக்குப் பிந்திய இயன்மருத்துவத்தைப் பாதியில் விடுவதும் நம்மிடம் உள்ள வழக்கம். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வாரம் இரண்டு முறை போய்வரச் செலவாகும், உண்மைதான். முதல் நாளிலேயே பயிற்சியாளரிடம் வீட்டில் செய்யும் பயிற்சிகளைக் கேட்டு, கைப்பேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு வாரத்தில் மடங்காத முட்டியைப் பிறகு மடக்குவது பெரும்பாடு.

கதிர்: முன்பு அதிகம், இப்போது குறைவு

எல்லாச் சவ்வையும் எடுக்க முடியாதபோது மிச்சத்தைக் கதிரால் சுடலாம் என்பது பழைய யோசனை. இரண்டு வழிகள் உண்டு. இட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருளை, அறுவைக்குச் சில வாரங்களுக்குப் பிறகு மூட்டுக்குள்ளேயே ஊசியால் செலுத்துவது ஒன்று. புற்றுநோய்க்குக் கொடுப்பதுபோல் வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவது மற்றொன்று.

சில மருத்துவக் குழுக்கள் நல்ல பலன் கண்டதாக எழுதியிருக்கின்றன. எதிர்ப்பக்கம், தோல் புண், மூட்டு விறைப்பு. வெளிக்கதிரில், பல ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் உண்மையான புற்றுநோய் வரும் சிறிய ஆபத்தும் உண்டு. புற்றல்லாத நோய்க்காக முப்பது வயதுக்காரருக்கு அந்த ஆபத்தைக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவது நியாயம்தான். மாத்திரைகள் வந்த பிறகு கதிரை நாடுவது மேலும் குறைந்துவருகிறது. அறுவை பலமுறை தோற்றவர்களுக்கு மட்டும் இது பேச்சில் வரும்.

மாத்திரைகள்

முன்பு சொன்ன கல்யாண வீட்டு ஒலிபெருக்கியை அணைத்துவிட்டால்? புதிய மருந்துகளின் அடிப்படை அதுதான். கூப்பிடும் குரலைக் கேட்கும் வாங்கியை, அதாவது மேக்ரோஃபேஜ் அணுக்களின் மேல் உள்ள சி.எஸ்.எஃப்.1 ஏற்பியை, அவை அடைத்துவிடுகின்றன.

பழையது இமாட்டினிப். இரத்தப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. 2012-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மதிப்பிட முடிந்த 27 பேரில் 5 பேருக்குக் கழலை சுருங்கியது, 20 பேருக்கு வளராமல் நின்றது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் மற்ற மருந்துகளைவிட எளிதில் கிடைக்கக்கூடியது.

இந்த நோய்க்கென்றே வந்த முதல் மாத்திரை பெக்ஸிடார்ட்டினிப். 2019 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. அதை அங்கீகரித்தது. 120 பேரைக் கொண்ட ஆய்வில், 25 வாரத்தில் மருந்து உண்டவர்களில் 39 விழுக்காட்டினருக்குக் கழலை குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. வெற்று மாத்திரை உண்டவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆனால் சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதனால் அமெரிக்காவில் பதிவு செய்துகொண்ட நோயாளிகளுக்கு மட்டும், தொடர் இரத்தச் சோதனையோடு கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2020-இல் இதற்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு உயிருக்கு ஆபத்தான பக்கவிளைவா என்பதுதான் அங்கே கேள்வி. இன்னொரு விசித்திரம், இதை உண்டவர்களில் பலருக்குத் தலைமுடி நிறம் வெளுத்தது.

அடுத்து வந்தது விம்செல்ட்டினிப். 2025 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. அங்கீகாரம். வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் உண்ணும் மாத்திரை. 123 பேரின் ஆய்வில் 25 வாரத்தில் 40 விழுக்காட்டினருக்குச் சுருங்கியது, வெற்று மாத்திரைக்காரர்களில் யாருக்கும் இல்லை. பெக்ஸிடார்ட்டினிப்பில் கண்ட அந்த வகைக் கடும் கல்லீரல் பாதிப்பு இந்த ஆய்வில் தென்படவில்லை. கண்ணைச் சுற்றி வீக்கம், அரிப்பு, களைப்பு போன்றவை வந்தன.

இவற்றைப் பற்றி மூன்று செய்திகளை மட்டும் மனத்தில் நிறுத்தினால் போதும். அறுவை செய்தால் மூட்டு இன்னும் கெட்டுவிடும் என்ற நிலையில் உள்ளவர்களுக்குத்தான் இவை அங்கீகரிக்கப்பட்டன, கத்திக்குப் பயந்தவர்கள் எல்லாருக்கும் அல்ல. நிறுத்தினால் சிலருக்குக் கழலை மறுபடி வளர்கிறது, ஆகவே ஒரு கோர்ஸ் உண்டு முடிக்கும் மருந்தாக நினைக்கக்கூடாது. கருத்தரிக்கும் திட்டம் உள்ள பெண்கள் மருந்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், கருவுக்குக் கேடு விளையலாம்.

விலை மிகப் பெரியது. மலேசியாவில் மருந்துப் பதிவுக்குப் பொறுப்பான என்.பி.ஆர்.ஏ.வின் இணையத் தேடலில் பெயரைத் தட்டினால், இங்கே பதிவாகியிருக்கிறதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் குழுவில் 'வெளிநாட்டிலிருந்து பாதி விலைக்கு வரவழைத்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், கல்லீரல் சோதனை செய்யப்போவது யார் என்று அவரிடமே கேளுங்கள்.

எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி

வலி குறைவு, எலும்பில் அரிப்பு இல்லை, படத்தில் வளர்ச்சியும் இல்லை என்றால், ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதைக் கைவிடுவது என்று எண்ண வேண்டாம். மறுமுனையில், குருத்தெலும்பு முழுதும் போய்விட்டவர்களுக்குச் சவ்வைச் சுரண்டுவதோடு செயற்கை மூட்டும் வைக்க வேண்டிவரும். நாற்பதுகளில் வைத்தால் அதையே மறுபடி மாற்ற வேண்டிய நாளும் வரலாம் என்பதால் முடிந்தவரை தள்ளிப்போடுவார்கள்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வீக்கத்தைக் குறைக்கும், நோயைத் தொடாது. நீரை எடுப்பதும் அப்படித்தான். நான்காவது முறையாக யாராவது ஊசியை எடுத்தால், கடிதம் கேளுங்கள்.

கடிதம், காசு, விடுப்பு

அரசாங்க கிளினிக்கிலிருந்து எலும்பியல் பிரிவுக்குக் கடிதம் வாங்குவதுதான் முதற்படி. குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 வெள்ளி. எம்.ஆர்.ஐ. தேதிக்குக் காத்திருக்க வேண்டிவரும். வசதியுள்ளவர்கள் படத்தை மட்டும் தனியாரில் எடுத்துக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குத் திரும்புவதும் உண்டு. எலும்பியலுக்குள்ளேயே கழலை, எலும்புப் புற்று ஆகியவற்றைப் பார்க்கும் தனிப் பிரிவு உண்டு. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், கிளந்தானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களில் அந்த நிபுணர்கள் இருக்கிறார்கள். பரவிய வகை என்று தெரிந்தால், அப்படிப்பட்ட பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

அரசாங்க மருத்துவமனையில் வழங்கப்படாத மருந்துக்கோ கருவிக்கோ, சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதியான தாபோங் பந்துவான் பெருபாத்தானுக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவமனையிலேயே உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு அதற்கான பாரத்தை எழுத உதவும். பலர் அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய, உதவித்தொகை பெறும் குடும்பத்தவர்கள் பெக்கா பி40 திட்டத்தின் கருவி உதவி, 20,000 வெள்ளி வரை உள்ளது, செயற்கை மூட்டுக்குப் பொருந்துமா என்று அங்கேயே கேட்கலாம்.

விடுப்பு விஷயத்தில் தொழிலாளர்கள் ஏமாந்துவிடக்கூடாது. 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டிய நிலைக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023-க்குப் பிறகு இது சாதாரண எம்.சி. நாள்களிலிருந்து தனி. நாள்கூலி பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, தையல் பிரிக்கும் முன்பே வேலைக்குப் போவதுதான் முட்டியைக் கெடுக்கும். சொக்சோவில் சந்தா கட்டுபவர்கள், பழைய வேலைக்குத் திரும்ப முடியாத நிலை வந்தால், வேலைக்குத் திரும்பும் திட்டம் பற்றி விசாரிக்கலாம். நிரந்தரமாக முடியாமல் போனால் இயலாமைப் பென்ஷனுக்கும் வழி உண்டு. ஆனால் அதன் நிபந்தனைகள் கடுமையானவை. சம்பாதிக்கும் திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்க வேண்டும்.

கடைசியாகத் தாள்கள். எம்.ஆர்.ஐ. படத்தின் சிடி, திசு ஆய்வு அறிக்கை, அறுவை அறிக்கை மூன்றையும் கேட்டு வாங்கி, தீ அணுகாத, கறையான் அணுகாத இடத்தில் வையுங்கள். இந்த நோய் ஐந்தாம் ஆண்டிலும் எட்டாம் ஆண்டிலும்கூடத் திரும்புகிறது. அதற்குள் நீங்கள் வேறு ஊருக்கு மாறியிருக்கலாம், மருத்துவரும் மாறியிருப்பார். புதியவருக்கு முன்பு எந்த மூலையில் மிச்சம் இருந்தது என்று சொல்லப்போவது அந்தத் தாள்தான். வீக்கம் இல்லையே என்று அடுத்த பரிசோதனைத் தேதியை விட்டுவிடாதீர்கள். படத்தில் தெரிவது பல சமயம் காலில் தெரிவதற்கு முன்னாலேயே தெரியும்.